ஒழுங்கு நடவடிக்கைக்கு முன் பணிவிலகல் (செவிலியர் பணி)

ஒழுங்கு நடவடிக்கைக்கு முன் பணிவிலகல் என்பது, பணியாளர் ஒருவர் மீது குற்றச்சாட்டு எழுந்து, அதுபற்றிய விசாரணை தொடங்கும் முன்போ முடியும் முன்போ அவர் தாமாகவே வேலையை விட்டு விலகுவதைக் குறிக்கும். செவிலியர் பணியில் இந்தக் கேள்வி அடிக்கடி எழுகிறது. மெமோ கைக்கு வந்ததும், "அவர்கள் நீக்குவதற்குள் நாமே எழுதிக் கொடுத்துவிட்டால் மானமாவது மிஞ்சும்" என்ற எண்ணம் பலருக்கும் வருவது இயல்பு. ஆனால் அரசுப் பணியிலும் தனியார் பணியிலும் பணிவிலகலின் விளைவுகள் வெவ்வேறானவை. பல நேரங்களில் விசாரணையின் முடிவில் கிடைக்கக்கூடிய தண்டனையைவிடப் பணிவிலகலால் வரும் இழப்பே பெரிதாக இருக்கும். நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலை போன்ற மலைப்பகுதிகளில் பணிபுரியும் செவிலியர்களை மனத்தில் கொண்டு, தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ள விதிகளையும் தீர்ப்புகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

கொல்லிமலைச் சூழல்

கொல்லிமலை கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் ஒன்று. காரவள்ளி அடிவாரத்திலிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட சாலை உள்ளது. முள்ளுக்குறிச்சி வழியாக மற்றொரு மலைச்சாலையும் உண்டு. செம்மேடு இம்மலையின் தலைமையிடம் ஆகும். கொல்லிமலை ஊராட்சி ஒன்றியத்தில் 14 ஊராட்சிகள் உள்ளன. மக்களில் பெரும்பான்மையோர் மலையாளி பழங்குடியினர்.

மலைப்பகுதியிலும் பழங்குடியினர் பகுதியிலும் 3,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையமும், 20,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையமும் இருக்க வேண்டும் என்பது தேசிய அளவுகோல். சமவெளியில் இவ்வெண்ணிக்கை முறையே 5,000, 30,000 ஆகும். எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் மலையில் வேலை குறைவதில்லை. ஊர்கள் சிதறிக் கிடப்பதால் கிராம சுகாதாரச் செவிலியர் நடந்தே செல்ல வேண்டிய இடங்கள் பல. தடுப்பூசிப் பதிவேடு, கர்ப்பிணிகள் பதிவு, மருந்து இருப்புப் பதிவேடு, மகப்பேறு நிதியுதவி விண்ணப்பம் என எழுத்து வேலையும் மிகுதி. மலையிலிருந்து வரும் குற்றச்சாட்டுகளில் பல, வேலை செய்யாததைவிட, செய்ததை உரிய நாளில் எழுதாததிலிருந்து பிறப்பவை.

இன்னொன்றும் உண்டு. மலையில் பணியாற்றும் செவிலியரை எல்லோருக்கும் தெரியும். மெமோ வந்த செய்தி மறுநாளே சந்தைக்குப் போய்விடும். விலகிவிடலாம் என்ற எண்ணத்திற்குப் பெரும்பாலும் சட்டக் காரணம் இருப்பதில்லை, இந்தக் கூச்சமே காரணமாக இருக்கிறது.

முதலில் பிரித்தறிய வேண்டியவை

செவிலியரை "நேரில் வரவும்" என்று அழைக்கும் எல்லாக் கடிதங்களும் ஒன்றல்ல. குறைந்தது மூன்று வகைகள் உண்டு.

1. விளக்கம் கேட்கும் குறிப்பாணை. இது தண்டனை நடவடிக்கையின் தொடக்கம் அன்று. நடந்தது என்ன என்று எழுத்தில் கேட்பது மட்டுமே. திருப்தியான விளக்கம் கிடைத்தால் இத்துடன் முடிந்துவிடும்.

2. பூர்வாங்க விசாரணை. புகாரில் உண்மை இருக்கிறதா என்று அறிய மேலதிகாரி நடத்துவது. இதில் வாக்குமூலம் பெறப்படலாம். இதன் அடிப்படையில் மட்டும் பெரிய தண்டனை வழங்க முடியாது.

3. குற்றச்சாட்டுக் குறிப்பாணையும் முறையான விசாரணையும். உண்மையான ஒழுங்கு நடவடிக்கை இங்குதான் தொடங்குகிறது.

பணிவிலகலைப் பற்றி யோசிப்பவர் முதலில் பார்க்க வேண்டியது, தம் கையில் இருக்கும் தாள் இம்மூன்றில் எது என்பதை. முதல் வகைக் கடிதத்தைக் கண்டே விலகல் கடிதம் எழுதியவர்கள், எழாத குற்றச்சாட்டுக்காக வேலையை இழந்தவர்கள் ஆவர்.

ஒழுங்கு நடவடிக்கையின் படிகள்

தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்குத் தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகள் பொருந்தும். நடத்தை பற்றிய கடமைகளைத் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973 கூறுகிறது. அலுவலகங்களில் "17 அ", "17 ஆ" என்று பேச்சு வழக்கில் சொல்லப்படுவது முதலில் கூறிய விதிகளின் 17ஆவது விதியின் உட்பிரிவுகளையே.

விதி 17(அ) சிறு தண்டனைகளுக்கானது. கண்டனம், ஊதிய உயர்வைக் குறிப்பிட்ட காலம் நிறுத்திவைத்தல், இழப்புத் தொகையைப் பிடித்தம் செய்தல் போன்றவை இதில் அடங்கும். இதற்கு எழுத்து விளக்கம் பெற்றாலே போதும். சாட்சி விசாரணை கட்டாயமில்லை.

விதி 17(ஆ) பெருந்தண்டனைகளுக்கானது. பதவி இறக்கம், கட்டாய ஓய்வு, பணிநீக்கம், பணியறவு ஆகியவை இவ்வகை. குற்றச்சாட்டுகள் தனித்தனியாக எழுதப்பட வேண்டும். அவற்றுக்கு ஆதாரமான ஆவணங்கள், சாட்சிகளின் பட்டியல் தரப்பட வேண்டும். விசாரணை அலுவலர் நியமிக்கப்பட்டு, சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும், தம் தரப்புச் சாட்சிகளை அழைக்கவும் ஊழியருக்கு வாய்ப்பு அளிக்கப்பட வேண்டும். பணியில் உள்ள அல்லது ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். வழக்கறிஞரை அமர்த்துவதற்குப் பொதுவாக அனுமதி தேவை.

பணிநீக்கம், பணியறவு என்னும் இரண்டும் வேலையை இழக்கச் செய்பவையே. ஆனால் பணிநீக்கம் செய்யப்பட்டவர் எதிர்காலத்தில் அரசு வேலைக்கு விண்ணப்பிக்கத் தடையில்லை. மக்கள் "டிஸ்மிஸ்" என்று சொல்லும் பணியறவு, பொதுவாக எதிர்கால அரசு வேலைக்கும் தடையாகும்.

இப்பாதுகாப்புகளுக்கு அடிப்படை இந்திய அரசியலமைப்பின் 311ஆவது உறுப்பு. நியமன அதிகாரிக்குக் கீழான ஒருவர் ஊழியரை நீக்க முடியாது என்றும், குற்றச்சாட்டைத் தெரிவித்து, பதில் கூற நியாயமான வாய்ப்பளிக்காமல் நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்றும் அது கூறுகிறது. 1993இல் ஈ.சி.ஐ.எல். நிறுவனத்திற்கும் பி. கருணாகருக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம், விசாரணை அலுவலரின் அறிக்கை நகலைத் தண்டனை முடிவு செய்வதற்கு முன்பே ஊழியருக்குத் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் தொடர்பான பி.வி. மகாதேவன் வழக்கில் (2005), விளக்கமின்றிப் பல ஆண்டுகள் தாமதித்துத் தொடங்கப்பட்ட நடவடிக்கை இரத்து செய்யப்பட்டது.

விசாரணையின்போது ஊழியர் தற்காலிகப் பணிநீக்கத்தில் வைக்கப்படலாம். இது தண்டனை ஆகாது. அக்காலத்தில் பிழைப்பூதியம் கிடைக்கும். அஜய் குமார் சவுத்ரி வழக்கில் (2015) உச்ச நீதிமன்றம், குற்றச்சாட்டுக் குறிப்பாணை வழங்காமல் தற்காலிகப் பணிநீக்கத்தை மூன்று மாதத்திற்கு மேல் நீட்டிக்கக் கூடாது என்று கூறியது.

பணிவிலகலின் சட்டநிலை

அரசு ஊழியர் கடிதம் கொடுத்த மாத்திரத்தில் வேலையிலிருந்து விலகியவர் ஆகிவிடுவதில்லை. தமிழ்நாட்டில் பணிவிலக விரும்புவோர் நியமன அதிகாரிக்கு மூன்று மாத முன்னறிவிப்புத் தர வேண்டும். நியமன அதிகாரி அதை எழுத்தில் ஏற்க வேண்டும். ஏற்பதற்குச் சில நிபந்தனைகள் உண்டு: ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இருக்கக் கூடாது; அரசுக்குச் செலுத்த வேண்டிய பாக்கி இருக்கக் கூடாது; குறிப்பிட்ட காலம் பணியாற்றுவதாக எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் முடிந்திருக்க வேண்டும்.

இதன் பொருள் எளிது. 17(ஆ) குறிப்பாணை வந்த பிறகு கொடுக்கப்படும் பணிவிலகல் கடிதம் பெரும்பாலும் ஏற்கப்படாது, விசாரணை தொடரும். ஆகவே "விசாரணைக் கூட்டத்துக்கு முந்தைய நாள் விலகிவிட்டால் கூட்டமே நடக்காது" என்ற நம்பிக்கை அரசுப் பணியைப் பொறுத்தவரை தவறானது. கடிதம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகாமல் இருந்தால், "அனுமதியின்றிப் பணிக்கு வராமை" என்ற புதிய குற்றச்சாட்டும் சேர்ந்துகொள்ளும்.

கொடுத்த கடிதத்தைத் திரும்பப் பெறவும் வழி உண்டு. இந்திய ஒன்றியத்திற்கும் கோபால் சந்திர மிஸ்ராவுக்கும் இடையிலான வழக்கில் (1978) உச்ச நீதிமன்றம், எதிர்காலத்தில் ஒரு தேதியிலிருந்து நடைமுறைக்கு வரும் பணிவிலகலை, அந்தத் தேதிக்கு முன் திரும்பப் பெறலாம் என்று கூறியது. அவசரத்தில் எழுதிக் கொடுத்துவிட்ட செவிலியர், அது ஏற்கப்படும் முன் உடனடியாக எழுத்தில் திரும்பப் பெற்று, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்வது முதல் வேலையாகும். மிரட்டியோ கட்டாயப்படுத்தியோ எழுதி வாங்கிய பணிவிலகல் செல்லாது. ஆனால் கட்டாயம் இருந்ததை மெய்ப்பிக்கும் பொறுப்பு எழுதிக் கொடுத்தவரையே சாரும். நாள் கடந்து சொன்னால் அதை நம்பச் செய்வது கடினம்.

பிரபா அத்ரி வழக்கு

மருத்துவமனைப் பணியில் ஒழுங்கு நடவடிக்கையும் பணிவிலகலும் ஒன்றோடொன்று மோதிய வழக்குகளில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது, மருத்துவர் பிரபா அத்ரிக்கும் உத்தரப் பிரதேச மாநிலத்துக்கும் இடையிலான வழக்கு. அவர் அலகாபாத்தில் உள்ள கமலா நேரு நினைவு மருத்துவமனையில் மயக்கவியல் மருத்துவராக இருந்தவர். 1999 சனவரியில் விசாரணையை எதிர்நோக்கி அவர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். அதற்கு அவர் எழுதிய பதிலில் தம் தரப்பைக் கூறி, அது ஏற்கப்படாவிட்டால் உடனே பணிவிலகுவதைத் தவிர வேறு வழியில்லை என்ற பொருளில் முடித்திருந்தார். மருத்துவமனை அக்கடிதத்தையே பணிவிலகலாகக் கொண்டு ஏற்றுக்கொண்டது.

உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. பணிவிலகல் என்பது நிபந்தனையற்றதாகவும், விலகும் எண்ணத்தைத் தெளிவாகக் காட்டுவதாகவும் இருக்க வேண்டும். மனம் நொந்து "விலகிவிடுவேன்" என்று சொல்வது விலகுவதாக எச்சரிப்பதே தவிர, விலகல் ஆகாது என்று கூறி, அதை ஏற்ற ஆணையைச் செல்லாததாக்கியது.

இவ்வழக்கிலிருந்து செவிலியர்கள் அறிய வேண்டியது இரண்டு. முதலாவது, நீதி கிடைத்தது. ஆனால் ஒரு வாக்கியத்துக்காக உச்ச நீதிமன்றம் வரை செல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது, மெமோவுக்கு எழுதும் விளக்கத்தில் "நான் வேலையை விட்டுப் போகவும் தயார்" போன்ற சொற்களுக்கு இடமே இல்லை. விளக்கம் வேறு, விலகல் வேறு. இரண்டையும் ஒரே தாளில் எழுதக் கூடாது.

பணிவிலகலால் இழப்பவை

தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள், 1978இன்படி, பணிவிலகல் செய்தவரின் முந்தைய பணிக்காலம் முழுவதும் இழக்கப்படும். உரிய அனுமதியுடன் வேறு அரசுப் பணிக்குச் செல்வதற்காக விலகுவது இதற்கு விலக்கு. பணியறவு, பணிநீக்கம் ஆகியவற்றாலும் பணிக்காலம் இழக்கப்படுகிறது. ஆகவே ஓய்வூதியத்தைப் பொறுத்தவரை தாமே விலகியவரும் நீக்கப்பட்டவரும் ஒரே நிலையில் நிற்கின்றனர்.

சில இடங்களில் விலகியவரின் நிலை இன்னும் கீழானது. நீக்கப்பட்டவருக்கு, அவர் நிலையைக் கருதி, ஓய்வூதியத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மிகாமல் கருணைப்படி வழங்க விதியில் இடமுண்டு. தாமே விலகியவருக்கு அது இல்லை. பெருந்தண்டனையாகக் கட்டாய ஓய்வு விதிக்கப்பட்டாலும், தகுதியான பணிக்காலம் உள்ளவருக்கு ஓய்வூதியத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் கிடைக்க வாய்ப்புண்டு. கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம் போன்ற சிறு தண்டனைகளில் வேலையும் பணிக்காலமும் அப்படியே நிற்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டு. பழைய ஓய்வூதியத் திட்டத்தில் உள்ள செவிலியர் ஒருவர், மருந்து இருப்புப் பதிவேட்டில் குறைபாடு என்ற குற்றச்சாட்டுக்கு உள்ளாகிறார் என்று கொள்வோம். மருந்தை அவர் எடுக்கவில்லை. பதிவு விட்டுப் போயிருக்கிறது. விசாரணையில் நின்றால் அவருக்குக் கிடைக்கக்கூடியது கண்டனமோ, ஓராண்டு ஊதிய உயர்வு நிறுத்தமோ, இழப்புத் தொகைப் பிடித்தமோ ஆக இருக்கலாம். விலகினால் இழப்பது இத்தனை ஆண்டுப் பணிக்காலமும் வாழ்நாள் ஓய்வூதியமும், அவருக்குப் பின் குடும்பத்துக்கு வரும் குடும்ப ஓய்வூதியமும். அதாவது நிச்சயமில்லாத ஒரு சிறு தண்டனையிலிருந்து தப்ப, நிச்சயமான பெரிய தண்டனையைத் தமக்குத் தாமே விதித்துக்கொள்கிறார்.

1.4.2003 அன்றோ அதற்குப் பின்னரோ பணியில் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தின் கீழ் வந்தவர்கள். ஊழியர் செலுத்திய பங்கும் அரசின் பங்கும் வட்டியுடன் அவர்கள் கணக்கில் சேர்கின்றன. இத்திட்ட விதிகள் மாறிவருவதால், விலகினால் என்ன கிடைக்கும் என்பதைச் சம்பளம் வழங்கும் அலுவலகத்திலோ கருவூலத்திலோ எழுத்தில் கேட்டறிந்த பிறகே முடிவெடுப்பது நல்லது.

விருப்ப ஓய்வு

பணிவிலகலும் விருப்ப ஓய்வும் ஒன்றல்ல. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு, "ராஜினாமா" என்ற சொல்லைக் கடிதத்தில் எழுதியதால் ஓய்வூதியத்தை இழப்பது நேரக்கூடிய ஒன்று. தமிழ்நாட்டு அடிப்படை விதி 56(3)இன்படி, 50 வயது நிறைந்தவர் அல்லது 20 ஆண்டு தகுதியான பணிக்காலம் முடித்தவர் மூன்று மாத முன்னறிவிப்புத் தந்து விருப்ப ஓய்வு கோரலாம். ஓய்வூதியம் காக்கப்படும். ஆனால் ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இருந்தால் இதையும் மறுக்கலாம். 20 ஆண்டை நெருங்கும் நிலையில் உள்ளவர், விசாரணையை எதிர்கொண்டு சிறு தண்டனையை ஏற்று, காலம் நிறைந்த பிறகு விருப்ப ஓய்வில் செல்வதே மேல்.

ஒப்பந்தச் செவிலியர்

தமிழ்நாட்டில் 2012இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அமைக்கப்பட்டது. அதன் வழியாக 2015இல் தேர்வான செவிலியர்கள் தொடக்கத்தில் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் பணியமர்த்தப்பட்டனர். பணி நிரந்தரம் கோரி 2017 நவம்பர் இறுதியில் சென்னையில் அவர்கள் நடத்திய போராட்டம், சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பின் முடிவுக்கு வந்தது. கொரோனா காலத்தில் தற்காலிகமாகச் சேர்க்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31 அன்று முடிவுக்கு வந்ததும் போராட்டத்துக்கு வழிவகுத்தது. தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் கீழ் மாவட்ட அளவில் ஒப்பந்தத்தில் பணியாற்றுவோரும் உள்ளனர்.

ஒப்பந்தச் செவிலியருக்கு ஓய்வூதிய இழப்பு என்ற அச்சம் இல்லை. ஆனால் பணி நிரந்தரத்துக்கான முன்னுரிமை வரிசையில் உள்ளவர் விலகினால் அந்த இடத்தை இழப்பார். ஒப்பந்தம் முடியுமுன் குற்றச்சாட்டைக் காரணமாகக் காட்டிக் களங்கம் கற்பிக்கும் வகையில் நீக்குவதானால், அவர்களுக்கும் விளக்கம் கூற வாய்ப்பளிக்க வேண்டும் என்பதே நீதிமன்றங்களின் நிலைப்பாடு. 1958ஆம் ஆண்டின் பர்சோத்தம் லால் திங்ரா வழக்கு முதல் இக்கருத்து நிலைபெற்றுள்ளது: தற்காலிக ஊழியராயினும், நீக்கம் தண்டனையாக அமைந்தால் விசாரணை தேவை.

தனியார் மருத்துவமனைச் செவிலியர்

கொல்லிமலையிலிருந்து செவிலியர் படிப்பு முடித்த இளம்பெண்கள் பலர் நாமக்கல், சேலம், ஈரோடு, கோவை நகரங்களின் தனியார் மருத்துவமனைகளுக்கு வேலைக்குச் செல்கின்றனர். அங்கு நிலைமை வேறு. நியமன ஆணையில் கூறப்பட்டுள்ள முன்னறிவிப்புக் காலம், அதற்கு ஈடான ஊதியம் ஆகியவையே முக்கியம். விசாரணைக்கு முன் விலகினால் மருத்துவமனை பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். விவகாரம் அத்துடன் முடியலாம். எனவே குறுகிய காலமே பணியாற்றியவர், வேறு வேலை கையில் உள்ளவர் ஆகியோருக்கு இங்கு விலகல் பொருத்தமான வழியாக அமையக்கூடும்.

அப்போதும் மூன்றை எழுத்தில் பெற்ற பிறகே விலக வேண்டும்: பணிவிடுவிப்புக் கடிதம், அனுபவச் சான்று, ஒப்படைத்த அசல் சான்றிதழ்கள். தொடர்ந்து ஐந்தாண்டு பணியாற்றியவருக்குப் பணிவிலகினாலும் பணிக்கொடை உரிமை உண்டு. பணிக்கொடைச் சட்டம், 1972 தந்த இவ்வுரிமை, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. வருங்கால வைப்பு நிதிக் கணக்கும் ஊழியருக்கே உரியது. விலகலால் அது பறிபோகாது. தனியார் நிறுவனங்களில் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டவருக்குத் தமிழ்நாடு பிழைப்பூதியச் சட்டம், 1981 முதல் 90 நாள்களுக்கு ஊதியத்தில் 50 விழுக்காடும், அடுத்த 90 நாள்களுக்கு 75 விழுக்காடும், அதன்பின் முழுமையாகவும் வழங்க வகைசெய்தது.

செவிலியர் பதிவும் குற்ற வழக்கும்

வேலை வேறு, செவிலியர் பதிவு வேறு. 1926ஆம் ஆண்டின் சென்னை செவிலியர் மற்றும் மருத்துவச்சிகள் சட்டத்தின் வழி அமைந்த தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமமே பதிவை வழங்குகிறது. வேலையிலிருந்து விலகுவதால் பதிவு நீங்காது. புகார் குழுமத்துக்குச் சென்றால், வேலையிலிருந்து விலகியதால் அது நிற்கவும் செய்யாது. வெளிநாடு செல்ல விரும்பும் செவிலியருக்குக் குழுமத்தின் நன்னிலைச் சான்று தேவைப்படும். பிரிட்டன் போன்ற நாடுகளிலும் இதே நிலைதான்: அங்குள்ள செவிலியர் மன்றம் தன் விசாரணையைத் தனியே நடத்தும்.

குற்ற வழக்குக்கும் இது பொருந்தும். 2019 ஏப்ரலில் நாமக்கல் மாவட்டம் இராசிபுரத்தில் குழந்தைகள் விற்பனை தொடர்பாக விருப்ப ஓய்வு பெற்ற முன்னாள் செவிலியர் ஒருவர் கைது செய்யப்பட்டார். கொல்லிமலையில் பணியாற்றிய ஆம்புலன்சு ஓட்டுநர் ஒருவரும் கைதானார். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்கு மாற்றப்பட்டது. கொல்லிமலையில் பிறந்த குழந்தைகளின் பதிவுகளைச் சுகாதாரத் துறையினர் ஊர் ஊராகச் சரிபார்த்தனர். பணியிலிருந்து வெளியேறியது குற்ற விசாரணைக்குத் தடையாவதில்லை என்பதையும், ஒரு சிலர் மீது எழும் குற்றச்சாட்டு மலையில் பணியாற்றும் எல்லோருடைய பதிவேடுகளையும் ஆய்வுக்கு உள்ளாக்கும் என்பதையும் அந்நிகழ்வு காட்டியது. பதிவேட்டை அன்றன்றே எழுதி வைத்தவருக்கு அத்தகைய ஆய்வில் அஞ்ச ஒன்றுமில்லை.

மலைப்பகுதியும் பணிக்கு வராமையும்

மலைப் பணியில் அதிகம் எழக்கூடிய குற்றச்சாட்டு, அனுமதியின்றிப் பணிக்கு வராமை. மழைக்காலத்தில் பாறை சரிந்து சாலை அடைபடுவதும், பேருந்து வராமல் போவதும், கைப்பேசிச் சமிக்ஞை கிடைக்காமல் தகவல் சொல்ல முடியாமல் போவதும் இங்கு நிகழக்கூடியவை. கிருஷ்ணகாந்த் பி. பர்மார் வழக்கில் (2012) உச்ச நீதிமன்றம், வராமை வேண்டுமென்றே செய்ததா, தவிர்க்க முடியாத சூழலால் நேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். வேண்டுமென்றே செய்தது என்று மெய்ப்பிக்கப்படாவிட்டால் அதைக் கடமை தவறியதாகக் கொள்ள முடியாது என்று கூறியது. டி.கே. யாதவ் வழக்கில் (1993), வேலைக்கு வரவில்லை என்பதற்காக விசாரணையின்றித் தானாகவே வேலை போனதாகக் கருதுவது இயற்கை நீதிக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது.

எனவே இத்தகைய குற்றச்சாட்டில், சாலை அடைபட்ட நாளின் செய்தித்தாள், மருத்துவச் சான்று, அனுப்பிய குறுஞ்செய்தி, அன்று வேறு ஊரில் பார்த்த கர்ப்பிணியின் பதிவு ஆகியவை விலகல் கடிதத்தைவிடப் பயனுள்ளவை.

முடிவெடுக்கும் முறை

விலகுவதா நிற்பதா என்பதைக் கீழ்க்காணும் வரிசையில் ஆராய்வது தெளிவு தரும்.

1. வந்துள்ள கடிதம் எவ்வகை? 17(அ)வா, 17(ஆ)வா, வெறும் விளக்கமா?

2. குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்பட்டாலும், இயல்பாக அதற்குரிய தண்டனை எது? மிகக் கொடிய தண்டனையை மட்டும் எண்ணி அஞ்சுவது கணக்கைத் தவறாக்கும்.

3. விலகினால் உறுதியாக இழப்பவை எவை? பணிக்காலம், ஓய்வூதியம், பணிக்கொடை, முன்னுரிமை, குடியிருப்பு, மருத்துவக் காப்பீடு ஆகியவற்றை ஒரு தாளில் தொகையாக எழுதிப் பார்க்க வேண்டும்.

4. விலகல் ஏற்கப்படுமா? நடவடிக்கை நிலுவையில் இருந்தால் விடை பெரும்பாலும் "இல்லை".

5. விலகினாலும் தொடரக்கூடியவை எவை? குற்ற வழக்கு, குழுமத்தின் விசாரணை, பணப் பாக்கி.

6. குற்றச்சாட்டு உண்மையா? உண்மையானால், தவற்றை ஏற்று, சூழலை விளக்கி, முந்தைய நற்பணியைச் சுட்டிக் குறைந்த தண்டனை கோருவதும் ஒரு வழியே. பொய்யானால் நின்று மறுப்பதே வழி.

விசாரணைக்குச் செல்பவர் செய்யக் கூடாதவையும் உண்டு. விட்டுப்போன பதிவுகளைப் பழைய தேதியிட்டு இப்போது நிரப்பக் கூடாது. சிறு குறைபாடாக இருந்தது அதனால் ஆவண மோசடியாக மாறிவிடும். புகார் கொடுத்தவரையோ சாட்சியையோ தனியே சந்தித்துப் பேசக் கூடாது. படித்துப் பாராமல் வாக்குமூலத்தில் கையெழுத்திடக் கூடாது. அதன் நகலைக் கேட்டுப் பெற வேண்டும். பதிலளிக்கக் கால அவகாசம் போதாவிட்டால், ஆவண நகல்களைக் குறிப்பிட்டுக் கேட்டு, கூடுதல் அவகாசத்தை எழுத்தில் கோர வேண்டும். "இப்போதே எழுதிக் கொடுத்துவிடு, இல்லாவிட்டால் டிஸ்மிஸ்" என்று யாரேனும் வற்புறுத்தினால், எழுதாமல் திரும்பி வந்து, அன்றே நடந்ததைத் தேதியுடன் மேல் அதிகாரிக்குப் பதிவு அஞ்சலில் தெரிவிப்பது பாதுகாப்பானது.

விலகல் சரியான முடிவாக அமையும் நேரங்களும் உண்டு. உடல்நிலையோ மனநிலையோ தாங்காத நிலை, ஓய்வூதிய உரிமை ஏதும் சேராத குறுகிய பணிக்காலம், உறுதியான வேறு வேலை, குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டு விடுவிக்க நிர்வாகம் எழுத்தில் இசைதல் ஆகியவை அத்தகையவை. அவற்றிலும் கடிதம் சுருக்கமாக, குற்றச்சாட்டைப் பற்றிய ஒப்புதலோ வசையோ இல்லாமல் இருக்க வேண்டும்.

கிடைக்கும் உதவிகள்

சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987இன் 12ஆவது பிரிவின்படி பெண்களும், பட்டியல் சாதியினரும், பழங்குடியினரும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறத் தகுதி உடையவர்கள். கொல்லிமலைச் செவிலியர் நாமக்கல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். 15100 என்ற தேசிய உதவி எண்ணிலும் அழைக்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் வழி, தம்மைப் பற்றிய ஆவண நகல்களைக் கோரலாம். தண்டனை ஆணையை எதிர்த்து முதலில் துறையின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு, விதியில் கூறிய காலத்துக்குள் முறையீடு செய்ய வேண்டும். அதன்பின் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். நாமக்கல் மாவட்டம் சென்னையில் உள்ள முதன்மை அமர்வின் எல்லைக்குள் வருகிறது. செவிலியர் சங்கங்களில் முன்பு விசாரணைகளைச் சந்தித்த மூத்தவர்கள் இருப்பர். குறிப்பாணைக்குப் பதில் எழுதும் முன் அத்தகைய ஒருவரிடம் காட்டிப் படிக்கச் செய்வது, மலையிலிருந்து நாமக்கல் வரை ஒருமுறை போய்வரும் செலவில் முடியக்கூடிய காரியம். வழக்கறிஞர், சங்கம், குடும்பம் ஆகிய மூவரிடமும் பேசி முடிக்கும் வரை விலகல் கடிதத்தை எழுதாதிருப்பதே இவ்விதிகள் அனைத்திலிருந்தும் பெறப்படும் நடைமுறை முடிவு ஆகும்.